சும்மா இருக்கான்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். தை மாசம், எங்க பக்கம் கல்யாணப் பேச்சு ஓடுற நேரம். பலகாரம், காபி எல்லாம் ஆனதும் பெண்ணோட தாய்மாமன் கேட்டார். “பையன் என்ன பண்றாருங்க?”

அண்ணன் தோள் துண்டைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னார். “கம்பெனிக்குப் போயிட்டிருந்தான்ங்க. இப்ப சும்மாதான் இருக்கான். தோட்டத்தைப் பாத்துக்கறான்.”

அந்தச் சும்மா இருக்கிறவன் அன்னிக்குக் காலையில நாலரைக்கு எழுந்து பாலிஹவுஸுக்குப் போனவன். ஆறு மணிக்குள்ள முதல் வெட்டு முடிச்சு, பூவைத் தண்ணி பக்கெட்டுல வெச்சு, குளிர் ரூமுக்கு ஏத்திட்டு, குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருந்தான். கையில ரோஜா முள்ளு கீறின கோடு. அதை மறைக்கச் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டிருந்தான். நான் பார்த்தேன்.

அவன் செய்யிற வேலை என்னன்னு உங்களுக்குச் சொல்லணும். பிப்ரவரி 14 அன்னிக்குச் சென்னையிலயோ பெங்களூர்லயோ நீங்க வாங்கற சிவப்பு ரோஜா தானா அந்தத் தேதிக்குப் பூக்கறதில்லை. டிசம்பர் நடுவுல செடியைக் கவாத்து பண்ணணும். வெட்டின கணுவுல கண்ணு முளைச்சு, தண்டு நீண்டு, மொட்டு வெட்டுப் பக்குவத்துக்கு வர ஏழு வாரம் போல ஆகும். இந்தப் ‘போல’ங்கற வார்த்தையிலதான் எங்க வருஷத்து வருமானமே தொங்குது. ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்துல இருக்கு. மார்கழிக் குளிர் கொஞ்சம் கூடுதலா அடிச்சா மொட்டு நாலஞ்சு நாள் தள்ளிப் போயிடும். பதினஞ்சாம் தேதி விரியிற தாஜ்மஹால் ரோஜாவை எவன் வாங்குவான்? சீக்கிரம் வந்துட்டா குளிர் ரூம்ல வெச்சுக் காப்பாத்தலாம், அதுவும் சில நாளைக்குத்தான். குளிரோட இலை மேல ஈரமும் நின்னா டவுனி வரும், ஒரே வாரத்துல இலை கொட்டிச் செடி மொட்டையாகும். அதனால பக்கத்து கர்ட்டனை எந்நேரம் இறக்கணும், காலையில எந்நேரம் ஏத்தி ஈரக்காத்தை வெளிய விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்துலயும் முழுசா கிடையாது.

பையன் என்ன பண்ணினான் தெரியுமா? தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுப் போடாம, ஒவ்வொண்ணு பின்னாடியும் அன்னிக்கு ராத்திரியில இருந்த குறைஞ்ச வெப்பநிலையை எழுதி கிளிப் போட்டு வெச்சிருக்கான். மூணு வருஷத்துத் தாள். போன வருஷம் நாலு நாள் பிந்திப் போனதை அதுல கண்டுபிடிச்சு, இந்த டிசம்பர்ல கவாத்தை நாலு நாள் முன்னால பண்ணிட்டான். அப்பன்கூடச் சண்டை போட்டுத்தான் பண்ணினான். மொட்டு இப்ப சரியா வந்து நிக்குது. இந்தக் குறிச்சு வெக்கிற பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? அவன் மூணு வருஷம் கான்ட்ராக்ட்ல வேலை பார்த்த கம்பெனியில. அங்க மணிக்கொரு தடவை ரீடிங் எழுதணும். “தோத்துட்டுத் திரும்பி வந்தான்”னு ஊர் சொல்ற இடத்துலருந்துதான் அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தான்.

வந்தவங்க போன பிறகு ராத்திரி என்கிட்ட வந்து சொன்னான். “சித்தப்பா, சீசன் முடிஞ்சதும் மறுபடி கம்பெனிக்கே போயிடலாம்னு இருக்கேன். கான்ட்ராக்ட்னாலும் கழுத்துல ஒரு ஐடி கார்டு தொங்கும்ல.”

அந்த ஆத்திரத்துலதான் இதை எழுதறேன்.

இதைப் படிக்கிறதுல பாதிப் பேர் இப்ப என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். “பையனுக்குத் தன்னம்பிக்கை கம்மி. தன்னைப் பத்தின கதையை அவன் மாத்தி எழுதிக்கணும்.” இந்த வசனத்தை நான் நேர்லயே கேட்டிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல எங்களுக்கெல்லாம் பயிற்சின்னு கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. நடத்தினது யார்ங்கறது இங்க வேண்டாம், அந்த அம்மா நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 24 பலம் எழுதியிருக்கு, உங்க பலம் எதுன்னு டிக் பண்ணுங்கன்னாங்க. தைரியம், நன்றியுணர்வு, நகைச்சுவை, ஆர்வம்னு போகுது பட்டியல். பீட்டர்சன், செலிக்மன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள் 2004ல ஒரு பெரிய புத்தகமா போட்ட பட்டியல் அதுன்னு என் பொண்ணு பின்னாடி சொன்னா. பட்டியல் மேல எனக்குக் குறை இல்லை. அதை வெச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்ணினாங்கங்கறதுலதான் குறை. எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லி, கண்ணை மூடி, “நான் ஒரு சிங்கம்”னு மூணு தடவை சொல்லச் சொன்னாங்க.

எனக்குப் பக்கத்துல நின்னது எங்க ஊர் அக்கா ஒருத்தர். பத்து வருஷமா பூ தரம் பிரிக்கிறவர். ஒரு தடவை சொன்னார், ரெண்டாவது தடவை சிரிப்பு வந்துடுச்சு. “சிங்கம் என்னாத்துக்குப்பா, அதுக்கு வேற தீனி போடணும்”னு என் காதுல சொல்லிட்டு உக்காந்துட்டார்.

வெளிய டீக்கடையில நான் அவரை ஒரே கேள்வி கேட்டேன். “அக்கா, போன வாரம் உன்னால மட்டும் ஆன வேலை ஒண்ணு சொல்லு.”

“என்னாப்பா பெரிய வேலை, நாலு பூவைக் கட்டறேன்” என்றார். நான் விடல. அப்புறம் ஒண்ணொண்ணா வந்தது. ஸ்கேல் வெக்காமலே தண்டைக் கையில எடுத்ததும் இது 50 சென்டிமீட்டர், இது 60, இது 70ன்னு பிரிச்சுப் போடுவாராம். மூடின மொட்டோட ஓரத்தைப் பாத்தே உள்ள திரிப்ஸ் இருக்கான்னு சொல்லிடுவாராம். பெட்டி கணக்குல ரெண்டு கட்டு குறைச்சுச் சொன்ன வண்டிக்காரரைக் கன்னடத்துலயே மடக்கினாராம். ஒடிசாவுலருந்து புதுசா வந்த பொண்ணுங்க மூணு பேருக்கு, ரெண்டு பக்கமும் ஒரு பொதுவான வார்த்தை கூட இல்லாம, நாலே நாள்ல வேலை கத்துக்கொடுத்தாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது டீ ஆறிப்போனது கூட அவருக்குத் தெரியல.

முடிக்கும்போது சொன்னார். “எனக்குத்தான் ஒரு பாஷையும் ஒழுங்கா வராதே, கையாலயே சொல்லிக் கொடுத்தேன்.”

ஒரு பாஷையும் ஒழுங்கா வராது! வீட்டுல தெலுங்கு, ரேஷன் கடையில தமிழ், பெங்களூர் வண்டிக்காரர்கிட்ட கன்னடம், பூ வாங்க வர்ற பாய்கிட்ட உருது. நாலு மொழியில பேரம் பேசி ஜெயிக்கிற ஆளுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? நம்மகிட்டயிருந்துதான். சென்னைக்குப் போனா “நீங்க தெலுங்கா?”ன்னு ஒரு மாதிரி பார்ப்பாங்க. அத்திப்பள்ளி தாண்டினா தமிழ்க்காரன். எல்லை ஊர்க்காரன் ரெண்டு பக்கமும் அரைகுறைதான். மொழியை வெச்சுச் சண்டை போடத் தெரிஞ்ச நமக்கு, நாலு மொழியில வாழறவங்களை மதிக்கத் தெரியல. என் எழுத்துலயே “தமிழ் சுத்தமா இல்லை”ன்னு குறிப்பு அனுப்பறவங்க இருக்கீங்க. சந்தோஷம், அனுப்புங்க.

என் கதையும் இதே ரகம்தான். பத்தாவது கணக்குல ஃபெயில். “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு”ன்னு வகுப்புல நிக்க வெச்சுச் சொன்னார் ஒரு வாத்தியார். இருபது வருஷம் அதை நம்பினேன். மத்திகிரியில வெள்ளைக்காரன் காலத்துலருந்து கால்நடைப் பண்ணை இருக்கு, கோழி வளர்ப்புக்கே பட்டம் கொடுக்கிற கல்லூரி இருக்கு. மாடு மேய்க்க எவ்வளவு தெரியணும்னு அந்த வாத்தியாருக்குத் தெரியாது, எனக்கும் அப்ப தெரியாது. அப்புறம் சிப்காட்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஆளா சேர்ந்தப்ப, படிவத்துல என் பேருக்கு எதிர்ல ‘திறனற்றவர்’னு எழுதினாங்க. வாத்தியார் சொன்னதுக்கு முத்திரை குத்தின மாதிரி இருந்தது.

நான் சொல்ல வர்றது இதுதான். நம்மளைக் குறுக்கற கதை நம்ம மண்டைக்குள்ள தானா முளைச்சதில்லை. வெளியிலருந்து யாரோ எழுதினது, அதனால யாருக்கோ லாபமும் உண்டு. ‘திறனற்றவர்’னு எழுதினா கூலி குறையும். ‘சும்மா’ன்னு நாமளே சொல்லிக்கிட்டா மண்டியில “ஏதோ போட்டுக் கொடுங்க”ன்னுதான் வாய் வரும். வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பொம்பளைங்களை நம்ம மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வேலை செய்யாதோர்’ கட்டத்துலதான் போடுது. என் அம்மா சாகிற வரைக்கும் நாலு மணிக்கு எழுந்து சாணி வாரி, பால் கறந்து, பத்து பேருக்குக் களி கிண்டினாங்க. கணக்குப்படி அவங்களும் சும்மா இருந்தவங்கதான்.

நிலத்துக்கும் இதே கதைதான். “இந்தக் காட்டுல என்னங்க விளையுது?”ன்னு புரோக்கர் கேப்பான். ஆமாங்கன்னு நாம தலையாட்டினா ஏக்கர் விலை அங்கேயே இறங்கிடும். 2023ல உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிங்க சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம்னு போராட்டத்துல உக்காந்தப்ப அவங்க திரும்பத் திரும்பச் சொன்னது, இது விளையற பூமிங்கறதைத்தான். தர்மபுரியோட ஒட்டிக்கிட்டு இருந்த காலத்துலருந்தே, 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதுக்கு அப்புறமும், எங்க பக்கத்துக்கு ‘பின்தங்கிய பகுதி’ன்னு ஒரு பேர் இருக்கு. ராகியும் மாவும் தக்காளியும் ரோஜாவும் போற ஊருக்கு அந்தப் பேர். பேரை எழுதினவங்க எங்க நிலத்துல எத்தனை நாள் நின்னு பார்த்தாங்கன்னு நான் கேக்கக் கூடாதா?

கம்பெனியை நான் திட்டறேன்னு நினைக்காதீங்க. 80களில் டைட்டன் இங்க வாட்ச் தொழிற்சாலை ஆரம்பிச்சப்ப, பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பசங்களை நிறைய எடுத்து, கடுகைவிடச் சின்னப் பாகத்தைக் கோக்கிற வேலையைக் கத்துக்கொடுத்தாங்க. களை பறிச்ச வீட்டுப் பிள்ளைங்க கைதான் அது. உக்கார நாற்காலியும் கத்துக்கொடுக்க ஆளும் மாசச் சம்பளமும் வந்ததும் அதே கைக்குத் திறமைன்னு பேர் வந்துடுச்சு. ராத்திரியோட ராத்திரியா கை மாறிடுச்சா என்ன? பார்த்தவங்க பார்வைதான் மாறினது.

என் பொண்ணு பெங்களூர்ல சைக்காலஜி படிக்கறா. அக்கா கதையைச் சொன்னதும், “அப்பா, நீங்க டீக்கடையில பண்ணினது ஒரு சிகிச்சை முறை”ன்னா. ஆஸ்திரேலியாவுல மைக்கேல் ஒயிட், நியூசிலாந்துல டேவிட் எப்ஸ்டன், ரெண்டு பேரும் சேர்ந்து 1990ல அதைப் பத்திப் புத்தகம் எழுதியிருக்காங்களாம். ஆள் வேற, பிரச்சினை வேறன்னு பிரிச்சு வெச்சுட்டு, உன்னைப் பத்தின அந்தக் கதை பொய்யாப் போன நாள் எதுன்னு தேடச் சொல்வாங்களாம். முக்கியமா, புதுக் கதையைக் கேக்க நாலு சாட்சி வேணும்பாங்களாம். கண்ணை மூடிக்கிட்டு தனியா சொன்னா ஒட்டாது. எனக்குப் பிடிச்சது அந்தச் சாட்சிங்கற இடம்தான். சிங்கம்னு சொல்றதுக்குச் சாட்சி கிடையாது. 70 சென்டிமீட்டருக்குச் சாட்சி உண்டு, ஸ்கேல் வெச்சுப் பாத்துக்கலாம்.

மதுரைப் பக்கம் புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை நிறையப் பேருக்கு வாஜ்பாய் காலில் விழுந்த போட்டோவாத்தான் தெரியும். 2001ல பிரதமர் கையால ஸ்திரீ சக்தி விருது வாங்கினப்ப நடந்தது அது. 2019ல பத்மஸ்ரீயும் வந்தது. பள்ளிக்கூடம் போகாத ஏழைப் பெண் களஞ்சியத்துல சேர்ந்து தலைவி ஆனாங்கன்னு பேப்பர்ல கதை போடறாங்க. அதுக்கு முன்னாடி இருந்ததை வேகமாத் தாண்டிடறாங்க. அவங்க அதுக்கு முன்னாடியே வயல் வேலைக்குப் போற பொம்பளைங்க குழுவுக்கு, அங்க கொத்துன்னு சொல்வாங்க, தலைவியா இருந்தவங்க. எந்த வயலுக்கு எத்தனை ஆள், யாருக்கு எவ்வளவு கூலின்னு பண்ணைக்காரங்க முன்னாடி நின்னு பேசினவங்க. களஞ்சியம் அந்தப் பலத்தைப் புதுசா உண்டாக்கல, இருந்த பலத்துக்கு இடம் கொடுத்தது. சேமிப்புக் குழு நடத்தவும் அதே மனக்கணக்கும் பேச்சும் நியாயமும்தான் வேணும். ‘கைநாட்டு’ங்கற ஒரே வார்த்தையில நாம அழிச்சு வெச்சிருந்தது இத்தனை இருக்கு.

எங்க அக்கா விஷயத்துக்கு வர்றேன். அந்த டீக்கடைப் பேச்சுக்கு ஒரு மாசம் கழிச்சு, தான் வேலை செய்யிற பண்ணையில தரம் பிரிக்கிற ஆளுக்குத் தனிக் கூலி வேணும்னு கேட்டார். களை எடுக்கிறதுக்கும் இதுக்கும் ஒரே கூலின்னா எப்படின்னு. மேனேஜர் சிரிச்சிருக்கார். அக்கா ஒரு கட்டு பூவை எடுத்துக் கண்ணாலயே மூணாப் பிரிச்சு வெச்சு, “ஸ்கேலை வெச்சுப் பாருங்க சார்”னு சொல்லியிருக்கார். எல்லாப் பொம்பளைங்களும் கையை நிறுத்திட்டுப் பாத்தாங்களாம். இருபதுல ஒண்ணு தப்பு. அதுவும் தண்டு வளைஞ்சது.

கூலி ஏறல. இதையும் சொல்லணும், இல்லைன்னா நானும் மண்டபத்துல பேசின அம்மா மாதிரி ஆயிடுவேன். அக்கா அடுத்த வாரம் வேற பண்ணைக்குப் போய், நாளுக்கு அம்பது ரூபா கூட வாங்கறார். கூட இருந்தவங்க ரெண்டு பேர் பின்னாலயே போனாங்க. பழைய பண்ணையில இப்ப கேக்கிறவங்களுக்கு இருபது ரூபா கூடக் கொடுக்கறாங்களாம், கேக்காதவங்களுக்கு இல்லை. புது இடத்துல “என்ன வேலை தெரியும்?”னு கேட்டப்ப அக்கா சொன்ன பதில், “கிரேடிங்.” ஒரே வார்த்தை. சிங்கம்னு சொல்லல.

மத்தவங்களைச் சொல்றேனே, நான் மட்டும் ஒழுங்கா? போன மாசம் பேங்க்ல படிவம் நிரப்பும்போது கவுண்டர்ல இருந்த பொண்ணு “தொழில் என்னங்க?”ன்னு கேட்டுச்சு. “விவசாயம்தான்ம்மா”ன்னேன். அந்த ‘தான்’ எங்கிருந்து வந்தது? டாக்டர் யாராவது “வைத்தியம்தான்ங்க”ன்னு சொல்வாரா? வெளிய வந்து ஸ்கூட்டர் பக்கத்துல நின்னு என்னையே திட்டிக்கிட்டேன். கன்னட, தெலுங்குக் கெட்ட வார்த்தையும் சேர்த்து.

நகரத்துல இருக்கிற உங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு. எங்களை நீங்க ரெண்டே மாதிரிதான் பார்க்கறீங்க. ஒண்ணு, ஐயோ பாவம். இல்லைன்னா, சோறு போடற கடவுள். ரெண்டும் எங்களை வேலை தெரிஞ்ச ஆளா பார்க்கிற தொல்லையிலருந்து உங்களைக் காப்பாத்துது. கடவுள்கிட்ட யாரும் “டவுனி வந்தா என்ன அடிக்கறீங்க, எந்நேரம் அடிக்கறீங்க?”ன்னு கேக்கறதில்லை. ஐயோ பாவத்துகிட்டயும் கேக்கறதில்லை. ஊருக்கு வர்றப்ப தொரப்பள்ளியில ராஜாஜி பிறந்த வீட்டைப் பாத்துட்டுப் போங்க, நல்லது. அப்படியே பக்கத்துத் தோட்டத்துல நிக்கிற ஆளையும் அவர் வேலையைப் பத்தி நாலு கேள்வி கேளுங்க. பதில் சொல்ற நேரத்துல அவர் முதுகு நிமிர்றதை உங்க கண்ணாலயே பார்ப்பீங்க. உங்க வீட்டுல பொண்ணு இருந்தா, மாப்பிள்ளை கழுத்துல கார்டு தொங்குதான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கார்டு கான்ட்ராக்ட் கார்டா, எத்தனை மாசத்துக்குன்னும் கேளுங்க. அதை யாரும் கேக்கறதில்லை.

பையன்கிட்ட நான் போகாதேன்னு சொல்லல. போறதும் இருக்கிறதும் அவன் இஷ்டம், பாலிஹவுஸ் கடன் அவன் பேர்லதான் இருக்கு. ஆனா போறதுன்னா, அங்க என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு போகணும். இங்க தனக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சுக்கிட்டுப் போகக் கூடாது. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து அந்தக் காலண்டர் தாளை எல்லாம் தேதி வாரியா அடுக்கினோம். மூணு டிசம்பர், மூணு ஜனவரி. எந்த வருஷம் எந்தத் தேதியில கவாத்து, எத்தனையாவது நாள் முதல் வெட்டு, எத்தனை பூ, டவுனி எப்ப வந்ததுன்னு ஒரு நாற்பது பக்க நோட்டுல ஏத்தினோம். பாதியில அவன் நிமிர்ந்து, “சித்தப்பா, ராத்திரி 12 டிகிரிக்குக் கீழ எத்தனை நாள் இறங்குதுன்னு மட்டும் எண்ணினாலே தேதி வந்துடும் போலிருக்கே”ன்னான். அதுக்கப்புறம் கல்யாணப் பேச்சை ஒரு மணி நேரம் மறந்துட்டான்.

வர்ற ஞாயிறு வேற இடத்துலருந்து வர்றாங்க. அண்ணன்கிட்ட நேரா சொல்லிட்டேன். பையன் என்ன பண்றான்னு கேட்டா, அரை ஏக்கர்ல ஏற்றுமதி ரோஜா போடறான்னு சொல்லு, பலகாரத் தட்டுப் பக்கத்துல அந்த நோட்டை வைன்னு. “அதெல்லாம் எதுக்குடா, நோட்டைப் பாத்தா பொண்ணு கொடுக்கறாங்க?”ங்கறார். நீ வெக்கலைன்னா நான் கொண்டு வந்து வெக்கறேன்னு சொல்லியிருக்கேன்.